காதடைப்பு என்றார்கள், உட்காதில் வீக்கமாக இருந்தது

போன மாதம் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என் நம்பரை யாரிடமோ வாங்கி அழைத்தாள். இரண்டு மாதமாக ஒரு காது சரியாகக் கேட்கவில்லை, அழுக்கை இளக்குகிற சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், இப்போது மற்றக் காதும் மந்தமாகிறது என்றாள். ஆடியோகிராம், அதாவது ஒவ்வொரு காதும் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வரைகிற சோதனை, எடுத்தாயா என்று கேட்டேன். அப்படி ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று இடத்தில் காட்டியிருக்கிறாள், யாரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நடந்த அதே வழியில் இன்னொருத்தி நடந்துகொண்டிருக்கிறாள், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு வந்தது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே உட்காதைத் தாக்கி வீங்க வைக்கிற ஒரு நோய். நான் மருத்துவர் இல்லை. கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், கணக்கு எழுதுகிறேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் மாமியும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் நானும்தான்.

எனக்கு இடது காது முதலில் போனது. பள்ளிக்கூடம் திறந்து மழை பிடித்த நேரம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது காதுக்குள் தண்ணீர் புகுந்தமாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. கூடவே ஓர் இரைச்சல், பகலில் தெரியாது, வீடு அடங்கியதும் தொடங்கிவிடும். வலி கிடையாது, சீழ் கிடையாது, காய்ச்சல் கிடையாது. நான் எப்போதும் இடது காதில்தான் போனை வைப்பேன். அன்றைக்கு அவர் பேசியது சத்தமாகக் கேட்டது, ஆனால் வார்த்தை பிரியவில்லை. போனை வலது காதுக்கு மாற்றினால் அதே குரல் தெளிவாக இருந்தது. இந்த வித்தியாசத்தை நன்றாகக் கவனியுங்கள். சத்தம் குறைவது ஒன்று, சத்தம் இருந்தும் சொல் உடைந்து கேட்பது இன்னொன்று. இரண்டாவது வந்தால் அது பெரும்பாலும் அழுக்கினாலோ சளியினாலோ வருவதில்லை, உட்காதிலோ நரம்பிலோ ஏதோ நடக்கிறது. இதை எனக்கு அப்போது சொல்ல யாரும் இல்லை.

மாமி, "செவியில காத்து அடைச்சிருக்கும் மக்களே, பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் ரெண்டு சொட்டு ஊத்து" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மழைக்குளிரில் அடைத்திருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக்கும் சளி மாத்திரையும் கொடுத்தார்கள். குறையவில்லை. அடுத்து ஒரு பெரிய இடம். அங்கே மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது, மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். மூக்கில் அடிக்கிற ஸ்பிரே, ஆவி பிடித்தல், தேவைப்பட்டால் ஆபரேஷன். மூன்றாவது இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் மாத்திரை எழுதினார்கள். எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே வாக்கியம்: "உள்ளே பாத்தாச்சு, காது நல்லாத்தான் இருக்கு." இதற்குள் 9,000 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது, ஆடி மாதமும் முடியப்போகிறது.

"காது நல்லா இருக்கு" என்பதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். கருவி வைத்துப் பார்க்கும்போது தெரிவது காதுத் துவாரமும் செவிப்பறையும் மட்டும்தான். அதற்கு அப்பால் மூன்று சின்ன எலும்புகள் இருக்கிற நடுக்காது, அதற்கும் உள்ளே கபால எலும்புக்குள் புதைந்து கிடக்கிற உட்காது. நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவும், உடம்பு சாயாமல் நிற்க உதவும் அரைவட்டக் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. அதை எந்த டார்ச்சாலும் பார்க்க முடியாது. செவிப்பறை சுத்தமாக இருந்தும் கேட்கவில்லை என்றால், அதுவே ஆடியோகிராம் எடுக்கச் சொல்ல வேண்டிய காரணம். மருத்துவர் சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனாலும் கேளுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு காது மட்டும் மந்தமாக இருக்கிறபோது வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அந்த முனகல் மந்தமான காதில் அதிகமாகக் கேட்டால் அழுக்கு, சளி, நடுக்காது மாதிரியான அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் அதிகமாகக் கேட்டால் கோளாறு உட்காதிலோ நரம்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் சோதனையின் அடிப்படையும் இதுதான். இதை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. இரண்டு காதும் ஒரே அளவில் மந்தமாக இருந்தால் இது ஒன்றும் சொல்லாது. ஆனால் நல்ல காதுப் பக்கம் கேட்டால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மூன்று நாளுக்குள் திடீரென்று கேட்கும் திறன் இறங்குவதை மருத்துவத்தில் அவசர நிலையாகவே பார்க்கிறார்கள். வீக்கத்தை அடக்குகிற ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம்.

தெரிந்தவர்கள் எல்லாரும் அண்டி ஆபீஸ் சத்தத்தைக் குற்றம் சொன்னார்கள். நான் இருப்பது கணக்கு அறையில், முந்திரித் தோடு உடைக்கிற இடம் தள்ளி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இரைச்சலால் காது கெடுவது வருஷக் கணக்கில் மெல்ல நடக்கும், பெரும்பாலும் இரண்டு காதிலும் ஒரே அளவாக இருக்கும், ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். வாரக் கணக்கில், ஒரு காதில் தொடங்கி, இன்றைக்குக் கொஞ்சம் தேவலை நாளைக்கு மோசம் என்று ஏறி இறங்குவது அந்த வகை இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தை நான் எல்லா இடத்திலும் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

முதல் ஆடியோகிராம் எனக்குக் கிடைத்தது காது மெஷின் விற்கிற ஒரு கடையில். இடது காது 45 டெசிபல், நரம்பு வகைக் குறைபாடு. இந்த எண் கூடக் கூடக் காது மோசம் என்று அர்த்தம். உடனே ஒரு மெஷின் மாட்டிவிடலாம் என்று கடைக்காரர் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினார். சோதனை செய்த சின்னப் பெண் மட்டும் வாசல் வரை வந்து, "அக்கா, மெஷின் பிறகு வாங்கலாம். இது இப்பதான் தொடங்கினதுன்னு சொல்லுதிய, முதல்ல நல்ல டாக்டர பாருங்க" என்றாள். அவள் வேலைக்கு அதனால் கேடு வந்திருக்கலாம், இருந்தும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள்.

ஓணம் விடுமுறைக்குச் சற்று முன்னால் வலது காதும் தொடங்கியது. அதுவரை எனக்கு இருந்தது எரிச்சல்தான், பயம் அன்றைக்குத்தான் வந்தது. ஒரு காது போனால் இன்னொன்று இருக்கிறது என்று மனசு ஒரு கணக்கு வைத்திருக்கும். அது உடைந்த ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை. எடுத்தாலும் பாதிதான் விளங்கும், விளங்காததைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கே அவருக்கு வேலை ஓடாது. வாட்ஸ்அப்பில் "நெட்வொர்க் சரியில்லை" என்று எழுதினேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக் காட்டத் தொடங்கினாள். தணிந்த குரலில் பேசினால் கேட்காது, கொஞ்சம் உரக்கப் பேசினால் காதைக் குத்தும். பாத்திரம் விழுந்தால் தலைக்குள் இடி விழும். மாமியிடம், "கத்தாதீங்க மாமி" என்று நான் சொன்னதும், "பைய பேசினா கேக்கலைங்குத, கத்தினா கத்தாதேங்குத, நான் என்ன செய்ய" என்று அவர்கள் கண் கலங்கினார்கள். இது உட்காது கெடும்போது வருகிற அறிகுறி, உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் சிணுங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். உரக்கப் பேசுவதைவிட முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசுவதுதான் உதவும்.

நடையும் தள்ளாடியது. தலை சுற்றி விழவில்லை, ஆனால் கரண்ட் போன நேரத்தில் பின்வாசல் படி இறங்க முடியவில்லை. சானல்கரை, அதாவது வாய்க்கால் கரை, வழியாகச் சாயங்காலம் வீடு திரும்புவதை விட்டுவிட்டேன். நாம் நேராக நிற்பதற்கு உட்காது, கண், பாதத்தின் உணர்வு மூன்றும் வேலை செய்கின்றன. உட்காது இரண்டு பக்கமும் சோர்ந்துபோனால் வெளிச்சத்தில் கண் சமாளித்துவிடும், இருட்டில் முடியாது. குளியலறையில் ஒரு இரவு விளக்கு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இந்த இரண்டையும் முதலில் செய்துவிடுங்கள்.

நம்ம ஊரில் வர்ம வைத்தியம் கேட்காமல் எந்த நோயும் கடந்து போகாது. மாமியின் அண்ணன் என்னை ஓர் ஆசானிடம் கூட்டிப் போனார். வயதானவர். என் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், "அடிபட்டு வந்ததுன்னா நான் பாப்பேன். இது ரெண்டு பக்கமும் ஏறுது. நேரம் கடத்தாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ மக்களே" என்று சொல்லி, பணம் வாங்கவில்லை. டிகிரி வைத்திருந்தவர்கள் கவனிக்காத ஒன்றை அவர் கவனித்தார், தன் எல்லையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனேன். துணைக்கு யாரும் இல்லை. அறிவிப்பு கேட்காது என்பதால் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர்ப்பலகையையும் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே பார்த்த மருத்துவர் காதைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகளைத்தான் கேட்டார். இரண்டு காதும் ஒரே நாளில் போனதா, வாரக் கணக்கிலா? ஏறி இறங்குகிறதா? கண் சிவந்து வலித்ததா? மூட்டு வலி, வாய்ப்புண், தோலில் தடிப்பு, முடி உதிர்தல் உண்டா? குடும்பத்தில் தைராய்டு, முடக்குவாதம் யாருக்காவது? கடையில் எடுத்த ஆடியோகிராமைக் கொடுத்தேன். அங்கே புதிதாக எடுத்ததைப் பக்கத்தில் வைத்தார். இடது காது 60 டெசிபலுக்கு மோசமாகியிருந்தது, வலது 40. ஒரு தாளில் படம் வரைந்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியே உட்காதைத் தாக்குகிற நோயாக இருக்கலாம், இது அபூர்வம், ஆனால் மருந்தால் தேறக்கூடிய மிகச் சில நரம்புவகைக் கேட்புக் குறைகளில் ஒன்று என்று எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் நான் தேடிப் படித்ததையும் அவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதைப்போல ரத்தத்துக்கும் உட்காதுக்கும் நடுவிலும் ஒரு தடுப்பு உண்டு. அதனால் எதிர்ப்பு சக்திக்கும் உட்காதுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் முன்பு நெடுங்காலம் நினைத்திருக்கிறார்கள். 1979-ல் மெக்கேப் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், இரண்டு காதும் வார, மாதக் கணக்கில் மங்கிக்கொண்டே வந்த 18 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது கேள்வித்திறன் மேம்பட்டது. அதிலிருந்துதான் இது தனி நோயாக அறியப்பட்டது. கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்படுகிற ஒரு வகையைக் கோகன் என்பவர் 1945-லேயே விவரித்திருந்தார், அதனால்தான் கண் சிவந்ததா என்று என்னிடம் கேட்டது. உட்காதின் ஒரு மூலையில் நிணநீர்ப்பை இருக்கிறது, எதிர்ப்பு அணுக்கள் கூடுகிற இடம் அது. காக்ளியாவுக்குள்ளும் அப்படிப்பட்ட அணுக்கள் குடியிருக்கின்றன. கிருமி வந்தால் தடுக்கத்தான் அவை இருக்கின்றன. சில உடம்புகளில் அவை சொந்தத் திசுவையே அந்நியமாக எடுத்துக்கொண்டு வீக்கத்தைக் கிளப்பிவிடுகின்றன. காக்ளியாவின் ஓரச்சுவரில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பட்டை உண்டு. உள்ளே இருக்கிற திரவத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காத்து நிற்பது அதுதான். வீக்கத்தில் அந்தக் குழாய்கள் கசிந்தால் மின்னழுத்தம் இறங்கும், காது மங்கும். வீக்கம் வடிந்தால் ஓரளவு திரும்பும். ஏறி இறங்குவதற்கு இது ஒரு காரணம். வீக்கம் நீடித்தால் ஒலியை உணரும் முடிச் செல்கள் சாகும். ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 செல்கள்தான் இருக்கின்றன, மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. நான் வைட்டமின் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த வாரங்களில் என் இடது காதில் எத்தனை செல்கள் போயிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இந்த நோயை உறுதி செய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வர வேண்டும். உடம்பில் வீக்கமோ தன்னெதிர்ப்போ இருக்கிறதா என்று காட்டுகிற ஏ.என்.ஏ., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதக் காரணி, தைராய்டு, சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ் என்று பட்டியல் நீண்டது. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் பெயரைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கணவர் வெளிநாட்டில் இருக்கிற பெண்ணிடம் இதைக் கேட்கிறார்களே என்று கோபம். நர்ஸ் பொறுமையாக விளக்கினார்கள்: அந்த நோய் உட்காதைத் தாக்கினாலும் அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும், குணப்படுத்த மருந்து உண்டு, அதனால் எல்லாருக்கும் எடுப்பார்கள். யாரும் இதற்காக வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டாம். காது நரம்பில் கட்டி இல்லை என்று பார்க்க எம்ஆர்ஐயும் எடுத்தார்கள், 9,000 ரூபாய். ரத்தப் பரிசோதனைகளுக்கு 7,000-க்கு மேல். ஒரு வளையலை அடகு வைத்தேன். இந்தப் பரிசோதனைகளில் பலவற்றை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மிகக் குறைந்த செலவில் எடுக்க வழி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. தனியாரிடம் எழுதிக் கொடுத்த பட்டியலோடு முதலில் அங்கே விசாரித்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

திருவனந்தபுரம் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. ஆடியோகிராமில் 'பீப்' சத்தத்துக்குப் பொத்தான் அழுத்துவதோடு, சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற சோதனையும் உண்டு. என் சோதனை மலையாளச் சொற்களில் ஓடியது. எனக்கு மலையாளம் நன்றாகவே விளங்கும். ஆனால் காது பாதி மூடியிருக்கும்போது பழகின சொல்லை மனசு யூகித்துக்கொள்ளும், பழகாத சொல்லை யூகிக்காது. மதிப்பெண் மோசமாக வந்தது. தமிழ்ச் சொற்பட்டியலில் எடுங்கள் என்று கேட்டேன், எடுத்தார்கள், மதிப்பெண் கூடியது. மெஷின் உதவுமா, ஆபரேஷன் செய்து உட்காதில் பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி வேண்டுமா என்பதையெல்லாம் இந்தச் சோதனையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. தாய்மொழியில் எடுக்கச் சொல்லுங்கள், அடுத்த தடவையும் அதே மொழியில்.

ரிசல்ட் எல்லாம் வரும் வரை காத்திருக்காமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை பி, காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே இவற்றை மட்டும் பார்த்துவிட்டு மருத்துவர் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினார். நாளைக்கு 60 மில்லிகிராம், நான்கு வாரம், பிறகு மெல்லக் குறைப்பது. உடல் எடையைப் பொறுத்து அளவு மாறும், நீங்களாக எடுத்துவிடாதீர்கள். மாத்திரை விலை அற்பம். அவ்வளவு அலைந்து அவ்வளவு கொட்டிக் கொடுத்த பிறகு, வலது காதைக் காப்பாற்றியது மிக மலிவான ஒரு மாத்திரை. இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன், இரண்டு பேரும் அழுதோம்.

ஆனால் ஸ்டீராய்டு சும்மா விடாது. ராத்திரி தூக்கம் போனது. எந்நேரமும் பசி. முகம் வீங்கி வட்டமானது, ஆபீசில் 'அக்கா தடிச்சிட்டாங்க' என்று பேசினார்கள். காரணமில்லாமல் கோபம் வரும், மகளிடம் எரிந்து விழுந்துவிட்டு அரை மணி நேரத்தில் அழுவேன். இதெல்லாம் மருந்தின் வேலை என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிச் சண்டை குறையும். காலையில் சாப்பிட்டவுடன் ஒரே வேளையாக எடுத்தபோது தூக்கம் கொஞ்சம் சீரானது. வயிற்றுக்கும் எலும்புக்கும் தனி மாத்திரை தருவார்கள், அதை விடக் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. கருவாடு இல்லாமல் மாமிக்குச் சோறு இறங்காது, எனக்காக அவர்களும் அதைக் குறைத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர், ஸ்டீராய்டு சிறுநீரகத்தைத் தின்னும், உடனே நிறுத்து என்றார்கள். நிறுத்தினால்தான் ஆபத்து. வாரக் கணக்கில் வெளியிலிருந்து மருந்து வரும்போது, அதே ஹார்மோனைச் சுரக்கிற நம் அட்ரினல் சுரப்பி ஓய்ந்துவிடுகிறது. சட்டென்று நிறுத்தினால் அது விழித்துக்கொள்ள நேரம் இருக்காது, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே கேடு வரலாம். மருந்து தீர்வதற்கு முன்பே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள்.

அளவைக் குறைக்கும்போது இடது காது மறுபடி இறங்கியது. இதுவும் இந்த நோயில் சகஜம் என்று சொன்னார்கள், அப்போது எனக்கு உலகமே இருண்டுவிட்டது. மறுபடி மாத்திரையைக் கூட்டுவதற்குப் பதிலாகச் செவிப்பறை வழியாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் அளவில். கேட்கப் பயங்கரமாக இருக்கும், மரத்துப்போக மருந்து வைத்துவிடுவதால் வலி தாங்கக்கூடியதுதான். போட்ட பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் காதிலிருந்து தொண்டைக்கு வருகிற குழாய் திறந்து மருந்து வழிந்துவிடும், கசப்பும் தெரியும். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எச்சிலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டைக் காலமெல்லாம் எடுக்க முடியாது என்பதால், எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு வாதநோய் மருத்துவரிடமும் அனுப்பினார்கள். அந்த மருந்து ஸ்டீராய்டால் கிடைத்த கேள்வித்திறனைத் தக்கவைக்கவில்லை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனாலும் வேறு உறுப்புகளிலும் நோய் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட மருந்துகள் தேவைப்படலாம். எனக்கு மூட்டிலோ கண்ணிலோ எதுவும் இல்லை, வேண்டாம் என்று முடிவானது. இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்குத்தான் உடம்பில் வேறெங்காவது தன்னெதிர்ப்பு நோய் இருக்குமாம். அதனால் 'மற்றப்படி நன்றாக இருக்கிறாயே' என்று யாராவது சொன்னால் இது இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது வலது காது 25 டெசிபல் பக்கம் நிற்கிறது. இடது 60 டெசிபலிலிருந்து தேறவே இல்லை. மெஷின், ஊசி, பயணம், சம்பளம் இல்லாத விடுப்பு எல்லாம் சேர்த்தால் கணக்கு 1 லட்சத்தை நெருங்கும். அந்த முதல் 9,000 சின்னத் தொகைதான், ஆனால் இடது காதை அதுதான் விழுங்கியது. முதல் வாரத்தில் ஒரு 600 ரூபாய் ஆடியோகிராம் எடுத்திருந்தால் இந்தக் காதும் ஒருவேளை மிஞ்சியிருக்கும். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த வாய்ப்பு எனக்குக் கொடுக்கப்படவே இல்லை. ஒவ்வோர் ஆடியோகிராமையும் தேதியோடு போட்டோ எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். ஒற்றைத் தாள் ஒரு எண்ணைத்தான் காட்டும், தாள்களைத் தேதி வரிசையில் வைத்தால்தான் நோய் எந்தப் பக்கம் போகிறது என்று மருத்துவருக்குத் தெரியும். ஏறி இறங்குகிற நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மாத்திரை குறைக்கும் நாட்களில் தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு சத்தத்தில் ரேடியோவை ஒவ்வொரு காதாகக் கேட்டுப் பார்ப்பேன். இறங்குவது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் அந்தப் பட்டியலில் வரும், எனக்கு வராது. இரண்டு காதும் அந்த அளவில் இருப்பவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், இலவசமாக மெஷின் பெற வழி உண்டு. காசு கொடுத்து வாங்குபவர்கள், காது ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகு வாங்குங்கள். ஏறி இறங்குகிற காலத்தில் வாங்க வேண்டிவந்தால், கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப அளவை மாற்றக்கூடியதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் போட்டுப் பார்த்து வாங்க அனுமதிக்காத கடை வேண்டாம். என்னுடையது 32,000 ரூபாய். நம் மாவட்டத்துக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஈரம் வருஷம் முழுக்க இருக்கும். முதல் மழையிலேயே என் மெஷின் ஈரம் கோத்து மக்கர் பண்ணியது. ராத்திரி கழற்றி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். அந்த டப்பாவைக் கடையில் அவர்களாகத் தர மாட்டார்கள், விலை பேசும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.